மைசெல்ஃபா, மீயா? வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

போன இதழ்ல போகிற போக்குல ஒரு வரி எழுதினேன், "பேரைச் சொல்லும்போது மைசெல்ஃப்னு ஆரம்பிக்காதீங்க"ன்னு. அவ்வளவுதான், இந்த வாரம் வந்த கடிதத்துல பாதி அதைப் பத்தியே. சிலர் சண்டைக்கு வந்திருக்காங்க, சிலர் சந்தேகம் கேட்டிருக்காங்க, ஒருத்தர் எனக்கே தமிழ்ல திருத்தம் அனுப்பியிருக்கார், அவர் சொன்னது சரிதான். இந்தத் தடவை முழுக்க 'செல்ஃப்' கச்சேரிதான்.

கேள்வி: சார், நான் மதுரையில இன்ஜினியரிங் ஃபைனல் இயர். கேம்பஸ் இன்டர்வியூல "மைசெல்ஃப் கார்த்திக், ஃப்ரம் மதுரை"ன்னு ஆரம்பிச்சேன், எதிர்ல இருந்தவர் சிரிச்சுட்டார். என் கூட வந்த 10 பேரும் அப்படித்தான் சொன்னாங்க. இதுல என்ன தப்பு?

பதில்: தம்பி, வேலை கேட்டு வந்த பையனைப் பார்த்துச் சிரிச்சது அவர் தப்பு, அதை முதல்ல சொல்லிடறேன். ஆனா வாக்கியமும் தப்புதான். இந்த செல்ஃப் இருக்கே, அது மாட்டு வால் மாதிரி, முன்னாடி மாடு போனாத்தான் பின்னாடி வால் வரும். 'ஐ'னு ஒரு ஆள் முன்னாடி வந்து ஏதாவது செஞ்சு, அது திரும்ப அவன் மேலயே விழுந்தா அப்ப வர்றது மைசெல்ஃப். "ஐ கட் மைசெல்ஃப்"னா வெட்டினதும் நான், வெட்டுப்பட்டதும் நான். உன் வாக்கியத்துல ஐயும் இல்லை, வினைச்சொல்லும் இல்லை, வெறும் வால் மட்டும் வந்து நாற்காலியில உட்கார்ந்திருக்கு.

தமிழ்ல "நான் கார்த்திக்"னு சொன்னா போதும், நடுவுல எதுவும் வேண்டாம், அந்தப் பழக்கத்துல ஆங்கிலத்துலயும் 'ஐ ஆம்'ல வர்ற 'ஆம்' காணாமப் போயிடுது. இன்னொண்ணு, இது என் ஊகம்தான், ரெண்டாம் வகுப்புல காம்போசிஷன் நோட்டுல முதல் தலைப்பே 'மைசெல்ஃப்'. மை ஸ்கூல், தி கவ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். தலைப்பைப் போட்டுக் கோடு கிழிச்சு, கீழே பேரை எழுதி எழுதி அந்தத் தலைப்பும் பேரும் ஒட்டிக்கிச்சோன்னு தோணுது. "ஐ ஆம் கார்த்திக்"னு சொல்லு, இல்ல "மை நேம் இஸ் கார்த்திக்"னு சொல்லு. அடுத்த இன்டர்வியூல யாரும் சிரிக்க மாட்டாங்க, அப்பவும் சிரிச்சா அந்தக் கம்பெனியே வேண்டாம்.

கேள்வி: சேலத்துல ஒரு ஆபீஸ்ல இருக்கேன். மெயில்ல "ப்ளீஸ் காண்டாக்ட் மீ"ன்னு போட்டா மரியாதையா இல்லை, "காண்டாக்ட் மைசெல்ஃப்"னு போடும்மான்னு சீனியர் மேடம் சொல்றாங்க. எது சரி?

பதில்: மீ தான் சரிம்மா. காண்டாக்ட் பண்ணப்போறது யாரு? மெயிலைப் படிக்கிறவர். அவர் செய்யற வேலை உங்க மேல விழுது, உங்க வேலை உங்க மேல விழலை. அப்புறம் எங்கிருந்து மைசெல்ஃப்?

பாவம் இந்த 'மீ', அதுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பேருன்னு யோசிச்சுப் பார்த்தேன். சின்ன வயசுல "மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்"னு சொன்ன பிள்ளையை டீச்சர் (நானும்தான், 31 வருஷம் அதே வேலைதானே பார்த்தேன்) மண்டையில குட்டி "மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ"ன்னு திருத்தறோம், அதுல அந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், மீன்னாலே தப்பு. வளர்ந்து ஆபீசுக்குப் போனதும் மீயைப் பார்த்தாலே பயம், அதுக்குப் பதிலா ஒண்ணு ஐ வருது, "பிட்வீன் யூ அண்ட் ஐ"ன்னு, இல்லைன்னா மைசெல்ஃப் வருது. ரெண்டுமே பயத்துல பொறந்த பிள்ளைங்க. வெள்ளைக்காரன் நாட்டுலயும் இதே கதைதான், அங்கேயும் ஆபீஸ் மெயில்ல இந்த மைசெல்ஃபைப் பார்த்து எரிச்சல்படறவங்க நிறைய.

மேடத்துக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுங்க, ஆனா பக்குவமா. "ப்ளீஸ் காண்டாக்ட் தி மேனேஜர் ஆர் மைசெல்ஃப்"ல மேனேஜரைத் தூக்கிடுங்க. "ப்ளீஸ் காண்டாக்ட் மைசெல்ஃப்" மட்டும் மிஞ்சும், படிச்சாலே ஒரு மாதிரி இருக்கும். மேனேஜர் திரும்ப வந்தாலும் மீ மீதான். "பீப்பிள் லைக் மைசெல்ஃப்"னு லைக், எக்செப்ட் மாதிரி வார்த்தைகளுக்கு அப்புறம் வந்தா மட்டும் நான் சிவப்பு மை எடுக்க மாட்டேன், அதை நல்ல எழுத்தாளர்களே எழுதியிருக்காங்க.

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்புப் பையன் "ரவி செட் தட் ஹிஸ் மதர் பீட் ஹிம்செல்ஃப்"னு எழுதினான், தப்புன்னு போட்டேன். அவங்க அப்பா வந்து, "ரவி தன்னை அம்மா அடிச்சாங்கன்னு சொன்னான், தமிழ்ல தன்னைன்னுதானே வருது, தன்னைன்னா ஹிம்செல்ஃப்தானே"ன்னு கேட்டார். சட்டுனு பதில் சொல்லத் தெரியலை.

பதில்: டீச்சர், அந்த அப்பாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்க, வந்த கடிதத்துலயே நல்ல கேள்வி இதுதான். பையன் தமிழ் சரி, ஆங்கிலம்தான் தப்பு.

தமிழ் 'தான்' ரொம்ப தூரம் தாண்டும். உள்ளே ஒரு வாக்கியம், அதுல அடிக்கிறது அம்மா. வெளியே ஒரு வாக்கியம், அதுல சொல்றது ரவி. 'தன்னை' உள் வாக்கியத்துல உட்கார்ந்துக்கிட்டே அம்மாவைத் தாண்டி வெளியே நிக்கிற ரவியைக் கையைக் காட்டுது. அம்மா தன்னையே அடிச்சிக்கிட்டான்னு சொல்லணும்னா நாம சும்மா தன்னைன்னு விட மாட்டோம், "தன்னைத்தானே அடிச்சுக்கிட்டா"ன்னு 'தானே'யும் 'கிட்டா'வும் சேர்த்து இறுக்கிக் கட்டுவோம்.

ஆங்கில ஹிம்செல்ஃபுக்கு அந்தத் தாவற சக்தியே கிடையாது. அது வீட்டை விட்டு வெளியே போகாத பிள்ளை. தான் இருக்கிற சின்ன வாக்கியத்துக்குள்ளேயே, யார் செஞ்சாங்களோ அவங்களைத்தான் காட்டும். "மதர் பீட்"ங்கிற உள் வாக்கியத்துல செஞ்சது அம்மா, பெண், அங்கே ஹிம்செல்ஃபுக்கு ஆளே இல்லை. ஹெர்செல்ஃப்னு போட்டா அம்மா தன்னையே அடிச்சுக்கிட்டான்னு ஆகும். ரவிதான் அடிவாங்கினான்னா வெறும் 'ஹிம்'தான் போடணும். அதுல ஒரு கஷ்டமும் இருக்கு, அந்த ஹிம் ரவியாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டு மணியாகவும் இருக்கலாம், ஆங்கிலம் சொல்லாது, முன்னாடி பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். இந்த ஒரு இடத்துல தமிழ்தான் தெளிவு, இதை அந்த அப்பாகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவார்.

இதையே அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1981ல ரெண்டு விதியா எழுதினார், மொழியியல் படிக்கிறவங்க விதி 'ஏ', விதி 'பி'ன்னு சொல்வாங்க. ஏ சொல்றது, செல்ஃப் சொல்லுக்கு உரியவர் அதே சின்ன வட்டத்துக்குள்ள இருந்தே ஆகணும். பி சொல்றது, ஹிம், ஹெர் மாதிரி சொல்லுக்கு உரியவர் அந்த வட்டத்துக்குள்ள இருக்கவே கூடாது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். அதனாலதான் "ஹீ கட் ஹிம்"னா போலீஸ் வரும், "ஹீ கட் ஹிம்செல்ஃப்"னா பிளாஸ்திரி போதும்.

உங்க வகுப்புக்கு ஒரு உதாரணம் தரவா, திருக்குறள்ல இருந்தே. 305வது குறள்:

தன்னைத்தான் காக்கின் சினங்காக்க காவாக்கால்
தன்னையே கொல்லுஞ் சினம்.

முதல் அடியில காக்கிறவனும் அவன், காக்கப்படறவனும் அவன், ஆங்கிலத்துல போட்டா ஹிம்செல்ஃப். ரெண்டாம் அடியைப் பாருங்க, கொல்றது யாரு? சினம். ஆனா 'தன்னையே'ன்னு சொல்றது சினத்தையா? இல்லையே, அந்த மனுஷனை. அங்கே ஆங்கிலத்துல ஹிம்செல்ஃப் போட முடியாது, இட்செல்ஃப் போட்டா கோபம் தன்னைத்தானே கொன்னுக்கிட்டு நம்மளை விட்டுடும், அப்படி நடந்தா நல்லதுதான் ஆனா வள்ளுவர் சொன்னது அது இல்லை. வெறும் ஹிம்தான் வரும். ஒரே குறள்ல ரெண்டு தன்னை, ஆங்கிலத்துல ரெண்டு வேற வேற சொல். போர்டுல எழுதிப் போட்டு, ரெண்டுக்கும் ஆங்கிலம் சொல்லுங்கடான்னு விட்டுப் பாருங்க, பீரியட் முடியறதே தெரியாது.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. "ரவி டோல்ட் மணி டு இன்ட்ரொட்யூஸ் ஹிம்செல்ஃப்"னா யார் அறிமுகம் ஆகணும்? மணி. ஏன்னா இன்ட்ரொட்யூஸ் பண்ணப்போறது மணி, கண்ணுக்குத் தெரியாம அந்த வினைக்கு முன்னாடி மணி நிக்கிறான். "ரவி டோல்ட் மணி டு இன்ட்ரொட்யூஸ் ஹிம்"னா அறிமுகம் ஆகப்போறது ரவியா இருக்கலாம், வேற யாராவதாவும் இருக்கலாம், மணியா மட்டும் இருக்க முடியாது. இப்ப டோல்டை எடுத்துட்டு ப்ராமிஸ்ட் போடுங்க, "ரவி ப்ராமிஸ்ட் மணி டு இன்ட்ரொட்யூஸ் ஹிம்செல்ஃப்". ஆள் மாறிட்டான் பாருங்க, வாக்குக் கொடுத்தவன்தானே செய்யணும், அதனால ரவி. வாக்கியத்துல பக்கத்துல யார் இருக்காங்கன்னு பார்த்தா ஏமாந்துடுவோம், வேலையை யார் செய்யறாங்கன்னு கேட்டாத்தான் விடை வரும்.

கேள்வி: கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன். "டேக் ஆன் அம்ப்ரெல்லா வித் யுவர்செல்ஃப்"னு சொன்னேன், என் பொண்ணு 'வித் யூ'தான்மா சரிங்கிறா. எடுக்கிறதும் அவ, குடை போறதும் அவளோடதான், நீங்க சொல்ற கணக்குப்படி யுவர்செல்ஃப்தானே வரணும்?

பதில்: மாட்டிக்கிட்டேன். போன கேள்வியிலதான் ஜம்பமா விதி சொன்னேன், இங்கே அது கொஞ்சம் நெளியுது. பொண்ணு சொன்னதுதான் சரி.

வித், பிஹைண்ட், அரவுண்ட், ஆன் மாதிரி சொற்கள் ஒரு இடத்தைச் சொல்றப்போ வெறும் யூ, மீ, ஹிம்தான் வழக்கம். "க்ளோஸ் தி டோர் பிஹைண்ட் யூ." "ஷீ லுக்ட் அரவுண்ட் ஹெர்." கையில காசு இல்லைன்னா "ஐ ஹேவ் நோ மணி ஆன் மீ." குடையை யாரோட எடுத்துட்டுப் போவீங்க, உங்களோடதான், அடுத்தவரோட போகும்னு யாரும் நினைக்கப்போறதில்லை, அதனால அழுத்திச் சொல்லத் தேவை இல்லாமப் போச்சுன்னு வெச்சுக்குங்க. ஆனா முன்னாடி வர்ற சொல்லோட ஒட்டிக்கிட்டு நிக்கிற டு, ஆஃப் எல்லாம் வேற. "ஷீ இஸ் ப்ரவுட் ஆஃப் ஹெர்"னா வேற ஒருத்தியை நினைச்சுப் பெருமை, "ஆஃப் ஹெர்செல்ஃப்"னாதான் தன்னை நினைச்சு. தனியாப் பேசிக்கிறவங்க "டாக்கிங் டு ஹெர்செல்ஃப்". அங்கே செல்ஃபை விட்டா ஆளே மாறிப்போகும்.

நடுவுல ரெண்டுங்கெட்டானும் உண்டு, "ரவி சா எ ஸ்னேக் நியர் ஹிம்"னாலும் சரி, "நியர் ஹிம்செல்ஃப்"னாலும் சரி. பாம்பு பக்கத்துல இருக்கும்போது இலக்கணம் பார்க்கிறவன் யாரு.

கேள்வி: பையனோட அமெரிக்காவுல மூணு மாசம் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வீட்டுல யார் சமையல்னு கேட்டாங்க. நானேதான்னு சொல்ல நினைச்சு "ஐ குக் மைசெல்ஃப்"னு சொன்னேன். ஒரு நிமிஷம் முழிச்சாங்க, அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம். நான் ஏன் சிரிச்சேன்னு இன்னும் எனக்குத் தெரியலை.

பதில்: என்னையே சமைச்சுக்கிறேன்னும் அதுக்கு அர்த்தம் வரும், அதான். அவங்க நல்ல மாதிரி, ஓடாம நின்னாங்க.

நம்ம 'நானே'ல இருக்கிற ஏகாரத்தை ஆங்கிலத்துல செல்ஃப் போட்டுச் சொல்லலாம், அதுல தப்பே இல்லை, ஆனா நடுவுல எதைச் சமைக்கிறோம்னு ஒண்ணை வெச்சுடணும். "ஐ குக் எவ்ரிதிங் மைசெல்ஃப்." எவ்ரிதிங் வந்துட்டதால சட்டிக்குள்ள போறது அதுதான், மைசெல்ஃப் வெறும் அழுத்தம். தனக்கு மட்டும்னா "ஃபார் மைசெல்ஃப்". 'பை மைசெல்ஃப்'னா தனியா, ஒத்தையா. "ஐ லிவ் பை மைசெல்ஃப்"ல பை விட்டுப் போனா வாக்கியமே நிக்காது.

கேள்வி: "ஐ அவெய்ல்ட் டூ டேஸ் லீவ்"னு எழுதினதை புது ஆபீசர் வெட்டிட்டார். 20 வருஷமா இப்படித்தானே எழுதறோம்? அரசு ஊழியர், விழுப்புரம்.

பதில்: நம்ம நாட்டு ஆபீஸ்ல அது எல்லாருக்கும் புரியும், வெட்டினது கொஞ்சம் அதிகம்தான். பழைய முறைப்படி அவெய்லுக்கு செல்ஃபும் வேணும், ஆஃபும் வேணும், "ஐ அவெய்ல்ட் மைசெல்ஃப் ஆஃப்"னு நீட்டணும். அவ்வளவு நீட்டறதுக்கு "ஐ டுக் டூ டேஸ் லீவ்" நல்லா இருக்கு. சொல்லாம வராம இருந்தவரைப் பத்தி மெமோ எழுதும்போது மட்டும் "ஹீ ஆப்சென்ட்டட் ஹிம்செல்ஃப்"னு செல்ஃப் சேர்த்தே எழுதுங்க. டூர் போயிட்டு வந்து "வீ என்ஜாய்ட்"னு மொட்டையா நிறுத்தறதும் இந்த வகைதான், எதை என்ஜாய் பண்ணீங்கன்னு சொல்லுங்க, இல்லைன்னா அவர்செல்வ்ஸ் போடுங்க.

இதுக்கு நேர் தலைகீழா, குளிக்கிறது, ஷேவ் பண்றது, உடுத்தறது, ரிலாக்ஸ் ஆகறதுக்கெல்லாம் செல்ஃப் வேண்டாம். "ஐ ஷேவ்ட்" போதும், யாரு தாடின்னு யாரும் கேட்க மாட்டாங்க.

கேள்வி: சென்னையில கால் சென்டர்ல வேலை. லண்டன்ல இருந்து பேசறவங்களே "அண்ட் ஹவ் இஸ் யுவர்செல்ஃப்"ங்கிறாங்க, "ஐ வில் சென்ட் இட் டு யுவர்செல்ஃப்"ங்கிறாங்க. அவங்களே சொன்னா அப்புறம் அது எப்படித் தப்பு?

பதில்: இலக்கணப் புத்தகத்துக்கு அது தப்புதான், எழுத்துல வேண்டாம். ஆனா அவங்க ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியுது, உங்களுக்கும் புரியணும், ஏன்னா அதையே நாம நூத்துக்கணக்கான வருஷமா செய்யறோம்.

'யூ'ன்னு மூஞ்சிக்கு நேரே சொன்னா கொஞ்சம் வெடுக்குன்னு இருக்கோன்னு அவங்களுக்கு ஒரு கூச்சம். ஆங்கிலத்துல நீ, நீங்கன்னு பிரிச்சுச் சொல்ல வழி இல்லை, இருக்கிறது ஒரே யூ. அதனால கொஞ்சம் நீளமா, கொஞ்சம் சுத்தி வளைச்சு யுவர்செல்ஃப்னு மரியாதை பண்றாங்க. நாம என்ன பண்றோம்? "தங்கள் கடிதம் கிடைத்தது, தாங்கள் நலமா"ன்னு எழுதறோம். அந்தத் தாங்கள் யாருன்னு நினைக்கிறீங்க? தான்னு ஒருமை, தாம், தாங்கள்னு பன்மை, நம்ம சொந்த செல்ஃப் சொல்லேதான் அது. படர்க்கையில "அவங்க தங்களைத் தாங்களே பார்த்துப்பாங்க"ன்னு வர்ற அதே சொல்லை எடுத்து எதிர்ல இருக்கிறவருக்கு மாலையாப் போடறோம். தமிழ்ல அது பழகிப் பழகி இலக்கணமாயிடுச்சு, லண்டன்ல இன்னும் ஆகலை, அவ்வளவுதான் வித்தியாசம். போன்ல அவங்க யுவர்செல்ஃப்னா சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லுங்க, நீங்க எழுதற மெயில்ல யூ போடுங்க.

அயர்லாந்துல இன்னும் வேடிக்கை, அங்கே வீட்டு வாசல்ல நின்னு "இஸ் ஹிம்செல்ஃப் அட் ஹோம்?"னு கேட்பாங்க, வீட்டுக்காரர் இருக்காரான்னு அர்த்தம். பேரைச் சொல்லாம "அவங்க இல்லையா?"ன்னு கேட்கிற நம்ம ஊர்க்காரங்க அங்கே போனா சுலபமா ஒட்டிக்கலாம்.

கேள்வி: நாகர்கோவில்ல இருந்து. எங்க தாத்தாவோட பழைய ஆங்கில பைபிள்ல சங்கீதம் 3:5 "ஐ லெய்ட் மீ டவுன் அண்ட் ஸ்லெப்ட்"னு இருக்கு. மைசெல்ஃப்னு இல்லையே, அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை, வயசு. 1611ல வந்த மொழிபெயர்ப்பு அது. பழைய ஆங்கிலத்துல ஹிம்மே ஹிம்செல்ஃப் வேலையையும் பார்த்துக்கிட்டு இருந்தது, செல்ஃப்ங்கிறது அழுத்தத்துக்குப் பக்கத்துல வந்து போற தனிச்சொல்லா இருந்து, அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா ஒட்டிக்கிச்சு. அந்தப் பழசோட மிச்சம்தான் உங்க தாத்தா பைபிள்ல இருக்கிற மீ. நான் முன்னே சொன்ன குடையும் கதவும்கூட அந்தப் பழைய வழக்கத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. தமிழ் வேதாகமத்துல அதே வசனத்தை எடுத்துப் பாருங்க, "விழித்துக்கொண்டேன்"னு வரும், நாம செல்ஃபை வினைச்சொல்லுக்குள்ளேயே 'கொண்டு'ன்னு போட்டு முடிச்சுடுவோம்.

மைசெல்ஃப், யுவர்செல்ஃப்னு 'உடைய' போட்டுட்டு ஹிம்செல்ஃப்ல மட்டும் ஏன் ஹிஸ் இல்லைன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க, அதுக்கும் இங்கேயே பதில். ஆதியில மீ, ஹிம் கூடத்தான் செல்ஃப் சேர்ந்தது. பின்னாடி செல்ஃபைப் பெயர்ச்சொல் மாதிரி நினைச்சு மீ மையா மாறிச்சு, ஹிம் மாறாம நின்னுடுச்சு. ஹிஸ்செல்ஃப், தெய்ர்செல்வ்ஸ்னு இங்கிலாந்துக் கிராமத்துல இன்னும் பேசறவங்க உண்டு, கணக்குப்படி அவங்கதான் ஒழுங்கு, பரீட்சையில மார்க் கிடைக்காது.

கேள்வி: எங்க 25வது கல்யாண நாளுக்கு ஸ்டேட்டஸ்ல "வீ லவ் அவர்செல்வ்ஸ்"னு போட்டேன். எல்லாரும் கிண்டல் பண்றாங்க. திருச்சி.

பதில்: நீங்க உங்களையும், அவர் அவரையும் காதலிக்கறதா போட்டுட்டீங்க. ஒருத்தரை ஒருத்தர்னா "ஈச் அதர்". 25 வருஷத்துக்கு அப்புறம் நீங்க போட்டதுதான் உண்மைன்னு என் வீட்டம்மா சொல்லச் சொன்னாங்க.